கோரிக்கை மனு: 23 வேண்டாம், 3 போதுமா?

பீளமேடு லேத்து (இழையைத் தொடங்கியவர்)

வரும் சட்டமன்றக் கூட்டத்தொடருக்கு முன்னால் நம் குறு, சிறு தொழில் சங்கம் கொடுக்கப்போகும் கோரிக்கை மனுவின் வரைவு செயற்குழுவில் சுற்றுக்கு வந்திருக்கிறது. மொத்தம் 23 கோரிக்கைகள். மின்கட்டணம், ஜிஎஸ்டி, சிட்கோ (மாநில அரசின் சிறுதொழில் வளர்ச்சிக் கழகம்) மனைகளுக்குப் பட்டா, வராத பாக்கி, வங்கி வட்டி, இரும்பு விலை, வேலை நேரம், சொத்து வரி, வெளிமாநிலத் தொழிலாளர் விடுதி, எஸ்டேட் ரோடு, சாக்கடை வரைக்கும் எல்லாம் இருக்கிறது. போன வருட மனுவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தேதி மட்டும் புதிது.

என் யோசனை இது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் எதிரே மூன்று விஷயம் எழுத வேண்டும். இதைச் செய்யும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது, எந்தச் சட்டத்தில் அல்லது விதியில் கை வைக்க வேண்டும், அரசுக்கு என்ன செலவு. இந்த மூன்றையும் எழுத முடியாத கோரிக்கையை மனுவிலிருந்து எடுத்துவிடலாம்.

இப்படிச் சலித்தால் மாநில சட்டமன்றமும் மாநில அரசும் செய்யக்கூடியது கொஞ்சம்தான் மிஞ்சும். ஜிஎஸ்டி கவுன்சிலுக்குப் போக வேண்டியது, டெல்லிக்குப் போக வேண்டியது, மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போக வேண்டியது எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, ஒரே அமைச்சர் கையில் கொடுத்து, சால்வை போட்டு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறோம்.

முதல் மூன்றில் எதை வைப்பீர்கள்? காரணத்தோடு சொல்லுங்கள்.

பம்ப்செட் 1984

இதில் என்ன விவாதம் தம்பி. கரண்டுதான் முதல். இரண்டாவதும் கரண்டு.

2022 செப்டம்பர் 10-ல் புதிய கட்டணம் வந்தது. அதுவரை கிலோவாட்டுக்கு மாதம் 35 ரூபாய் நிலைக் கட்டணம். 112 கிலோவாட் இணைப்பு வாங்கி வைத்திருந்தவர்களுக்கு 3,920 ரூபாயாக இருந்தது 17,200 ஆனது என்று 2023 போராட்டத்தில் எல்லா மேடையிலும் சொன்னோம். மிஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய பணம் அது. அதற்கு மேல் காலையிலும் மாலையிலும் பீக் அவர் என்று 25 சதவீதம் கூடுதல். காலை 6 முதல் 10 வரை மிஷினை ஓட்டாமல் நான் என்ன செய்வது, பூஜையா?

2023 செப்டம்பர் 25-ல் மாநிலம் முழுக்க யூனிட்டுகளைப் பூட்டினோம். அதன் பிறகுதான் நவம்பரில் பீக் அவர் கட்டணம் 25-லிருந்து 15 சதவீதமாகக் குறைந்தது. 12 கிலோவாட்டுக்குக் கீழே இருப்பவர்களைக் கட்டணம் குறைவான 3ஏ1 வகைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். மாடி சோலாருக்கான நெட்வொர்க் கட்டணம் பாதியானது. ஆனால் நிலைக் கட்டணம் அப்படியேதான் இருக்கிறது. அதன் பிறகும் 2024 ஜூலையில் 4.83 சதவீதம், 2025 ஜூலையில் 3.16 சதவீதம் ஏற்றிவிட்டார்கள்.

ஆடிட்டர் அக்கா

பம்ப்செட் அண்ணா, கரண்டு முக்கியம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வரைவில் "மின்கட்டணத்தை அரசு உடனே குறைக்க வேண்டும்" என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறார்கள். அதைப் படிக்கும் அதிகாரி "கட்டணத்தை நிர்ணயிப்பது ஆணையம்" என்று ஒரு வரியில் பதில் எழுதி ஃபைலை மூடிவிடுவார். சட்டப்படி அவர் சொல்வது சரியும்கூட.

2003 மின்சாரச் சட்டத்தில் நமக்கு வழி இருக்கிறது. 65-வது பிரிவின்படி ஏதாவது ஒரு வகை நுகர்வோருக்குச் சலுகை தர மாநில அரசு நினைத்தால், அந்தத் தொகையை மின்வாரியத்துக்கு முன்கூட்டியே கொடுத்துவிட்டுச் சலுகை தரலாம். 108-வது பிரிவின்படி பொதுநலன் சார்ந்த கொள்கை விஷயங்களில் ஆணையத்துக்கு அரசு வழிகாட்டுதல் தரலாம். கட்டணத்தை அரசு குறைக்க முடியாது, மானியம் கொடுக்க முடியும் என்பதுதான் நிலை. ஆகவே கோரிக்கையும் மானியக் கோரிக்கையாக இருக்க வேண்டும். இத்தனை கிலோவாட் வரை, இத்தனை இணைப்புகள், வருடத்துக்கு இத்தனை கோடி என்று கணக்குப் போட்டுக் கொடுத்தால் நிதித்துறை அதைப் படிக்கவாவது செய்யும்.

இன்னொன்று. 2022-ல் வந்த ஆணை 2026-27 வரைக்குமானது. வருடா வருடம் ஜூலையில் ஏறுவதும் அந்த ஆணையிலேயே விலைவாசிக் குறியீட்டோடு கட்டி வைத்ததுதான். அடுத்து மின்வாரியம் பல ஆண்டுக்கான மனுவை ஆணையத்தில் போடும். 2022-ல் கோவை, மதுரை, சென்னையில் கருத்துக்கேட்பு நடந்ததே, அங்கே நாம் என்ன கொடுத்தோம்? கோஷம் போட்டோம். குறுந்தொழில் யூனிட்டின் சுமைக் காரணி (வாங்கிய கிலோவாட்டில் சராசரியாக உபயோகிக்கும் பங்கு) எவ்வளவு, ஒரே ஷிப்டு ஓடுகிற லேத்துப் பட்டறை பீக் அவரை ஏன் தவிர்க்க முடியாது என்று ஒரு பக்கமாவது எண்ணோடு எழுதிக் கொடுத்தோமா? அடுத்த சுற்றுக்கு இப்போதே நூறு யூனிட்டின் கரண்டு பில்லைச் சேர்க்க ஆரம்பிக்கலாம். இதற்கு அமைச்சரைப் பார்க்க வேண்டியதில்லை.

பம்ப்செட் 1984

பில் நான் தருகிறேன் அம்மா. பழைய பில் எல்லாம் வைத்திருக்கிறேன். ஆனால் பூட்டிப் போராடாமல் இருந்திருந்தால் அந்த 15 சதவீதம்கூட வந்திருக்காது. அதையும் எழுதி வையுங்கள்.

கிளீவ்லாந்துத் தமிழன்

நான் அமெரிக்காவில் ஒஹாயோவில் சிறிய டூல் ரூம் நடத்துகிறேன், ஊர் சிங்காநல்லூர். இங்கே மாநில அளவிலான வணிகச் சங்கங்கள் ஒவ்வொரு வருடமும் சட்டமன்றம் கூடுவதற்கு முன்னால் முன்னுரிமைப் பட்டியல் வெளியிடுவது வழக்கம். வரி, தொழிலாளர் காயம்பட்டால் தரும் காப்பீடு, தொழில் உரிமம், திறன் பயிற்சி என்று தலைப்புகள் இருக்கும். எந்த மசோதாவை ஆதரிக்கிறோம், எதை எதிர்க்கிறோம் என்று மசோதா எண்ணோடு எழுதுவார்கள். கூட்டத்தொடர் முடிந்ததும் எந்த உறுப்பினர் எப்படி ஓட்டுப் போட்டார் என்று மதிப்பெண் போட்டு வெளியிடும் சங்கங்களும் உண்டு. நம் ஊரிலும் எம்எல்ஏக்களுக்கு மதிப்பெண் போட்டால் என்ன?

கிண்டி 58

போடலாம், எல்லோருக்கும் ஒரே மதிப்பெண்தான் வரும். இங்கே 1985-லிருந்து கட்சித்தாவல் தடைச் சட்டம் இருக்கிறது. கொறடா சொன்னபடி ஓட்டுப் போடாவிட்டால் பதவியே போய்விடும். ஒரு எம்எல்ஏ தனியாக மனம் மாறி நமக்காகக் கை தூக்குவார் என்று எதிர்பார்ப்பது வீண் வேலை.

இங்கே மசோதா சபைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். துறைச் செயலாளர் மேஜையில் வரைவாக இருக்கும்போது பேச வேண்டும். இல்லையென்றால் துறையின் செலவுக்குச் சபை ஒப்புதல் தரும் மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன்னால், துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு தயாராகும் நேரத்தில் பேச வேண்டும். பட்ஜெட் படித்து முடித்த பிறகு போய் மனு கொடுப்பது பந்தி முடிந்த பிறகு இலை போட்டு உட்காருவது மாதிரி.

எம்எல்ஏவால் உருப்படியாக ஆகக்கூடியது ஒன்று உண்டு. கேள்வி நேரத்தில் ஒரு கேள்வி. "சிட்கோ தொழிற்பேட்டைகளில் பட்டா இல்லாத மனைகள் எத்தனை" என்று கேட்டால் அமைச்சர் எண் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த எண் பதிவாகிவிடும். அடுத்த வருடம் அதை வைத்து நாம் பேசலாம்.

என் முதல் கோரிக்கை பட்டாதான், சந்தேகமே இல்லை. கிண்டி தொழிற்பேட்டை 1958-ல் வந்தது, சிட்கோ 1970-ல். மனைக்குப் பணம் கட்டி, கிரையப் பத்திரம் வாங்கி, மகன் காலம் வந்த பிறகும் வருவாய்த் துறைப் பதிவேட்டில் நிலம் வேறு பெயரில், வேறு வகைப்பாட்டில் இருக்கும் பேட்டைகள் உண்டு. பட்டா இல்லையென்றால் வங்கி அடமானத்துக்கு முகம் சுளிக்கும், விற்கவும் முடியாது, பாகம் பிரிக்கவும் முடியாது. இது முழுக்க முழுக்க மாநில அரசின் கையில் இருக்கும் விஷயம். ஜிஎஸ்டி கவுன்சிலும் வேண்டாம், டெல்லியும் வேண்டாம். இரண்டு துறைச் செயலாளர்கள் ஒரே அறையில் உட்கார்ந்தால் போதும். வரைவில் இதற்கு 14-வது இடம்!

சிவகாசி ஆஃப்செட்

ஜிஎஸ்டியை இவ்வளவு சுலபமாக ஒதுக்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீத அடுக்கு போனதில் எங்களுக்கு விழுந்த அடி தெரியுமா? நோட்டுப் புத்தகத்துக்கு வரியே இல்லை என்றார்கள், நல்லது. ஆனால் பெரும்பாலான பேப்பருக்கும் அட்டைக்கும் 18 ஆகிவிட்டது. விற்கும் பொருளுக்கு வரி இல்லையென்றால் வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது. அட்டையில் கட்டியது அட்டையோடு போச்சு.

பீளமேடு லேத்து

ஒதுக்கச் சொல்லவில்லை அண்ணாச்சி. எங்களுக்கும் அதே அடிதான். தனி விகிதம் சொல்லாத மற்ற ஜாப் வேலைகளுக்கு (அடுத்தவர் பொருளில் கூலிக்குச் செய்யும் வேலை) 12 இருந்தது 18 ஆகிவிட்டது. 5 ஆக்குங்கள் என்று கோவையே கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஆனால் அந்தக் கவுன்சிலில் ஓட்டின் எடையில் மூன்றில் ஒரு பங்கு மத்திய அரசுக்கு. மிச்சம் மூன்றில் இரண்டு எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும். தமிழ்நாடு தனியாக ஒன்றும் செய்துவிட முடியாது. நம் நிதியமைச்சர் அங்கே பேச வேண்டும் என்று ஒரு தனிக் கடிதம் கொடுக்கலாம், எச்எஸ்என் எண்ணும் (வரிக்கான பொருள் வகை எண்) கணக்கும் சேர்த்து. சட்டமன்ற மனுவில் அது இடத்தை அடைக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

செக்கிங் டேபிள், திருப்பூர்

யாரும் பாக்கியைப் பற்றிப் பேசவில்லையே. வரைவில் அது 19-வது. ஏன் என்று நான் சொல்லட்டுமா? மனுவை எழுதுகிறவர்கள் பாக்கி வைக்கிறவர்கள்.

கோபப்படாதீர்கள். சங்கத்தில் பெரிய உறுப்பினர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஜாப் ஆர்டர் செய்து கொடுக்கும் சின்ன உறுப்பினர்களும் அதே சங்கத்தில் இருக்கிறார்கள். கரண்டு என்றால் இருவருக்கும் வலி ஒன்று. பாக்கி என்றால் ஒருவர் கொடுக்க வேண்டியவர், இன்னொருவர் வாங்க வேண்டியவர். ஆகவே அந்தக் கோரிக்கை மெதுவாகக் கீழே இறங்கி இறங்கி சாக்கடைக்கு முந்தின இடத்துக்கு வந்துவிடுகிறது.

2006-ன் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் தெளிவாக இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. எனக்கு வர வேண்டியதற்கு இந்தக் கணக்கைப் போட்டு, வாங்குகிறவருக்கு ஒரு மெயில் போட்டேன். பெயர் வேண்டாம். பணம் வரவில்லை, அடுத்த சீசன் ஆர்டரும் வரவில்லை. சட்டம் இருந்தும் யாரும் வாய் திறக்காததற்குக் காரணம் இதுதான்.

ஆடிட்டர் அக்கா

தங்கச்சி சொன்னதற்கு ஒரு பெரிய ஆமாம்.

வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவு வந்தபோது எல்லோரும் பட்டாசு வெடித்தோம். 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. குறு, சிறு நிறுவனத்துக்குக் காலக்கெடுவுக்குள் பணம் கொடுக்காவிட்டால், வாங்கியவர் அந்தச் செலவை அந்த வருடக் கணக்கில் கழிக்க முடியாது, கொடுக்கும் வருடத்தில்தான் கழிக்கலாம். நல்ல கடிவாளம். ஆனால் நடந்தது என்ன? "உத்யம் பதிவை (குறு, சிறு நிறுவனம் என்ற மத்திய அரசுப் பதிவு) ரத்து செய்துவிட்டு வாருங்கள், ஆர்டர் தருகிறோம்" என்று சப்ளையர்களிடம் கேட்ட கம்பெனிகள் இருந்தன. வியாபாரியாகப் பதிவு செய்தவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. 2025 ஏப்ரல் முதல் சிறு நிறுவன வரம்பே 100 கோடி விற்றுமுதல் வரை போய்விட்டது. நாலு மிஷின் வைத்திருப்பவரும் 90 கோடி விற்பவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

அது மத்தியச் சட்டம், விட்டுவிடுவோம். மாநிலத்தின் கையில் இருப்பது பாக்கி வழக்குகளை விசாரிக்கும் வசதியாக்கக் கவுன்சில். சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று நான்கு இருக்கின்றன. வழக்கு போட்டால் 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. முடிகிறதா என்று வழக்கு போட்டவர்களைக் கேளுங்கள். தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் கோர்ட்டுக்குப் போனால் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும், அந்த அளவுக்கு சட்டத்துக்குப் பல் இருக்கிறது. கவுன்சில் எத்தனை வேண்டும் என்று முடிவு செய்வது மாநில அரசு. இன்னும் நான்கு அமைக்க ஒரு அறிவிக்கை போதும், சட்டத் திருத்தமே தேவையில்லை. செலவும் பெரிதில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், கசக்கும். அந்தக் கவுன்சிலில் மூன்று முதல் ஐந்து பேர். அதில் குறு, சிறு தொழில் சங்கப் பிரதிநிதிக்கும் இடம் சட்டத்திலேயே இருக்கிறது. அந்த நாற்காலியில் உட்காருகிறவர் யாருடைய ஆள், கூட்டத்துக்கு ஒழுங்காகப் போகிறாரா என்று நம் பொதுக்குழுவில் யாராவது ஒரு முறையாவது கேட்டதுண்டா?

நெறியாளர்

குறிப்பிட்ட பிரதிநிதி யாரென்று ஊகித்து எழுதிய இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. விஷயத்தைப் பேசுங்கள், ஆளை வேண்டாம்.

மூணாவது ஷிப்டு

நான் முதலாளி இல்லை, சிஎன்சி ஆபரேட்டராக இருந்து இப்போது சூப்பர்வைசர். இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். "வேலை நேரத்தை 12 மணியாக்க வேண்டும்" என்று ஒன்று வரைவில் இருக்கிறதாமே?

2023 ஏப்ரல் 21-ல் 12 மணி நேர வேலைக்கு வழி விடும் 65ஏ பிரிவைத் தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்க்கும் மசோதா நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மூன்று நாளில் நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இந்த ஊரில் அதை மறுபடி தொட யோசிக்கும். தவிர, நீங்கள் திருத்தச் சொல்லும் அந்த 1948 சட்டமே இப்போது இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் வந்துவிட்டன. மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 20 பேர் இருந்தால்தான் இனி தொழிற்சாலை, முன்பு 10 பேர். உங்கள் பாதி உறுப்பினர்கள் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள். வரைவு எழுதியவர் பழைய மனுவிலிருந்து காப்பி அடித்திருக்கிறார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

12 மணி நேரம் லேத்தின் முன்னால் நின்றவனுக்குத் தெரியும், கடைசி இரண்டு மணி நேரத்தில் ரிஜெக்ஷன் எவ்வளவு வருமென்று. ஆள் பற்றாக்குறைக்கு நேரத்தை நீட்டுவது மருந்தில்லை. தங்க இடம் கொடுங்கள், பஸ் விடுங்கள், ஆள் வருவான்.

பம்ப்செட் 1984

ஆர்டர் அவசரமாக இருக்கும்போது ஓவர்டைம் செய்ய அவர்களே தயாராகத்தான் இருக்கிறார்கள். இரட்டைச் சம்பளம் கொடுத்துத்தானே செய்கிறோம். அதற்கு வழி வேண்டும் என்றால் தொழிலாளர் விரோதி என்கிறீர்கள்.

மூணாவது ஷிப்டு

இரட்டைச் சம்பளம் கொடுப்பவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை ஐயா. நீங்கள் கொடுப்பீர்கள். எல்லோரும் கொடுக்கிறார்களா என்று உங்களுக்கே தெரியும். ஓவர்டைம் வரம்பைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் மாநில விதிகளில் பேசுங்கள், தொழிற்சங்கத்தையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுங்கள்.

செக்கிங் டேபிள், திருப்பூர்

அந்த விதிகளில் பெண்கள் இரவு வேலை பற்றியும் பார்க்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றம் 2000-த்திலேயே நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்துவிட்டது, புதிய தொகுப்பிலும் சம்மதத்தோடு செய்யலாம். ஆனால் பத்துப் பெண்கள் வேலை செய்யும் யூனிட்டால் தனியாக வேன் வைத்து வீட்டில் இறக்கிவிட முடியாது. தொழிற்பேட்டைக்கு ஒரு பொது வேன், ஒரு பொதுக் குழந்தைகள் காப்பகம் என்று சிட்கோ மூலம் கேட்டால் நியாயமாக இருக்கும்.

கிண்டி 58

நல்ல யோசனை. இதை ஏன் யாரும் வரைவில் எழுதவில்லை? செயற்குழுவில் பெண்கள் எத்தனை பேர் என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

பீளமேடு லேத்து

சரி, இதுவரை வந்ததை வைத்து என் பக்கத்தைச் சொல்கிறேன்.

சட்டமன்றத்தில் உண்மையிலேயே ஒரு சட்டத்தைத் திருத்தக் கேட்பதென்றால் நான் கேட்பது 1998-ம் வருட டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தைத்தான். இது தமிழ்நாட்டின் சொந்தச் சட்டம். டெல்லியில் வேறு விதி இருக்கிறது: மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் வருடக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் பட்டியல் சாதி, பழங்குடியினர் நிறுவனங்களுக்கு 4 சதவீதம், பெண்கள் நிறுவனங்களுக்கு 3 சதவீதம். மின்வாரியம், போக்குவரத்துக் கழகம், குடிநீர் வாரியம் எல்லாம் வாங்கும் போல்ட்டு, வால்வு, பம்பு, உதிரிபாகம் எவ்வளவு! ஒவ்வொரு மாநில நிறுவனமும் சின்ன யூனிட்டுகளிடம் எவ்வளவு வாங்கியது என்று வருடத்துக்கு ஒரு முறை சபையில் அறிக்கை வைக்க வேண்டும் என்று ஒரு பிரிவு சேர்த்தால் போதும். சதவீதம் அப்புறம் தானாகப் பேச்சுக்கு வரும்.

ஆக, என் மூன்று: பட்டா, பாக்கிக் கவுன்சில், டெண்டர் சட்டம். மின்கட்டணம் ஆணையத்துக்கும் நிதித்துறைக்கும் தனி மனு. ஜிஎஸ்டி தனிக் கடிதம். ரோடும் சாக்கடையும் சிட்கோ கிளை மேலாளரிடம்.

பம்ப்செட் 1984

கரண்டு இல்லாத மனுவில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். எத்தனை பிரிவு நம்பர் சொன்னாலும் சரி. உறுப்பினர்கள் சந்தா கட்டுவதே அதற்காகத்தான். கரண்டைத் தனி மனுவில் போட்டால் "சங்கம் கரண்டை விட்டுவிட்டது" என்று மறுநாளே வாட்ஸ்அப்பில் வரும்.

ஆடிட்டர் அக்கா

அண்ணா சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. மனு அரசுக்கு மட்டும் எழுதப்படுவதில்லை, உறுப்பினர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதப்படுகிறது. அதனால்தான் 23 ஆகிறது. நான்காகப் போடுவோம். நிலைக் கட்டணத்துக்கு 65-வது பிரிவில் மானியம், முதல் 50 கிலோவாட்டுக்கு மட்டும். கணக்கை நான் போட்டுத் தருகிறேன்.

பம்ப்செட் 1984

50 போதாது, 112 வரைக்கும் போடம்மா.

ஆடிட்டர் அக்கா

112 வரை போட்டால் தொகையைப் பார்த்ததுமே நிதித்துறை மூடி வைத்துவிடும். 50-க்குக் கேட்டு வாங்குவோம், பிறகு மேலே போவோம்.

பம்ப்செட் 1984

75.

பீளமேடு லேத்து

பில்களை முதலில் அனுப்புங்கள் அண்ணா, 50-க்கும் 75-க்கும் இரண்டு கணக்காகப் போட்டுப் பார்த்துவிடலாம். செக்கிங் டேபிள் அக்கா, வேனும் காப்பகமும் சேர்த்து அரைப் பக்கம் எழுதித் தருகிறீர்களா? வெள்ளிக்கிழமை செயற்குழுவில் பாக்கி விஷயத்தை எடுக்கும்போது பெரிய மெம்பர்கள் எழுந்து போவார்கள், அதற்கும் தயாராக வாருங்கள்.

செக்கிங் டேபிள், திருப்பூர்

எழுதித் தருகிறேன். எழுந்து போகிறவர்களில் ஒருவர் எனக்குப் பணம் தர வேண்டியவர். வாசலிலேயே பிடித்துக்கொள்கிறேன்.